மலிவு ரவை கக்கிய நெருப்பு

என்னுடைய வேலையை இப்போது சுபா செய்கிறாள். இத்தாலியில், பலெர்மோ நகரின் ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்தில், ஒரு பழைய வாகனத் திருத்தகத்துக்குக் கீழே, நிலத்தடியில் இருக்கும் துப்பாக்கி சுடும் கூடத்தில் துப்புரவு வேலை. நான் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு அவளைச் சொல்லிவிட்டது நான்தான். சென்ற மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, இஞ்சை காலமை பெரிய சண்டை. வாசலிலை புதுசா ஒரு அறிவித்தல் போட்டிருக்கினம். இனி ஆரும் வெளியிலை வாங்கின துப்பாக்கி ரவை கொண்டுவரேலாதாம். இஞ்சை விக்கிறதைத்தான் சுடவேணுமாம். ஒருத்தர் கத்து கத்தெண்டு கத்திப்போட்டுப் போறார். எல்லா ரவையும் ஒண்டுதானே அக்கா?"

"ஒண்டில்லைப் பிள்ளை. நேரிலை வா, கதைப்பம்," என்றேன்.

வந்தாள், கதைத்தோம். அவள் போன பிறகும் அந்தக் கதை என்னை விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவள், பலெர்மோவில் வெடிச்சத்தத்துக்குள்ளேயே சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். வந்த புதிதில் நானும் மற்றவர்களைப் போல வீட்டு வேலைதான் செய்தேன். பொலிதேயாமாப் பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அந்த வீட்டு அம்மாவை, கடைசிவரை நான்தான் பார்த்தேன். செத்தவீட்டுக்கு வந்திருந்த அவருடைய பெறாமகள் ரோசாலியா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ராணி, என்னிடம் ஒரு வேலை இருக்கிறது. ஆனால் சத்தம் அதிகம். உங்களால் தாங்க முடியுமா?"

"தாங்குவேன், சிஞ்ஞோரா."

"இப்போது சொல்ல வேண்டாம். வந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்."

போனேன். காதடைப்புத் தந்து கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினார். உள்ளே ஒருவர் முதல் வெடி வைத்ததும் என் கால்கள் என்னைக் கேட்காமலே மடிந்தன. தரையில் குந்திவிட்டேன். ரோசாலியா என்னைத் தூக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, ஒன்றும் இல்லை என்று தேற்றவும் இல்லை. நல்ல காற்சட்டையோடு என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். உள்ளே இருந்தவர் சுட்டு முடிக்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு எழும்பி, "நாளைக்கும் வாருங்கள், பார்க்கலாம்," என்றார். அடுத்த நாளும் போனேன். அப்படியே அங்கே தங்கிவிட்டேன்.

ரோசாலியா ஒரு காலத்தில் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர். அங்கே அவர்தான் சுடுதளப் பொறுப்பாளர். யார் சுடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்பவர். வேலை பழக்கியதும் அவர்தான். சுடும் கூடத்தைத் தும்புத்தடியால் கூட்டக் கூடாது. தூசி கிளம்பினால் அது ஈயத் தூசி, மூச்சோடு உள்ளே போனால் நஞ்சு. முதலில் தண்ணீர் தெளித்து, பிறகு துடைத்து, அள்ளியதை மூடியுள்ள வாளியில் தண்ணீருக்குள் போட வேண்டும். வீட்டில் பாவிக்கும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை உள்ளே கொண்டுபோகவே கூடாது. முகமூடி, தலைத்துணி, உடம்பு முழுக்க மூடும் வேலை உடுப்பு, அங்கேயே கழற்றி வைக்கும் சப்பாத்து. இவை இல்லாமல் கதவைத் தாண்டக் கூடாது. கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவிய பிறகுதான் எதையும் வாயில் வைக்கலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நான் கேட்கவில்லை. கேட்காததையும் அவர் கவனித்திருக்கிறார். ஒருநாள் மத்தியானம் வெளி முற்றத்துக்குக் கூட்டிப் போனார். கையில் ஓர் ஓட்டுத்துண்டு. அதன்மேல் சுடும் கோட்டுக்கு முன்னால் இருந்து எடுத்த காய்ந்த தூசி, ஒரு சிட்டிகை. கசகசாவைவிடச் சிறிய சாம்பல் நிறச் செதில்கள் அதில் கலந்திருந்தன. நீளமான தீக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனார். தொடக்கூட இல்லை. உஸ் என்று ஒரு மஞ்சள் நாக்கு எழும்பி அடங்கியது. ஓட்டுத்துண்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"இது எரியாமல் விழுந்த வெடிமருந்து. நல்ல ரவை என்றால் மருந்து குழலுக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடும். மலிவானது அப்படியில்லை. பாதி வெளியே வந்து எரியும், அதுதான் குழல் வாயில் நீங்கள் பார்க்கிற நெருப்பு. மீதி எரியாமலே தரையில் விழும். அடுத்த வெடியின் பொறி அதன்மேல் விழுந்தால்?" என்றார்.

பதில் ஓட்டுத்துண்டில் இருந்தது.

அவர் கூடத்துக்குள் நடக்கிற விதத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். மற்றப் பொறுப்பாளர்கள் சுடுபவரையும் இலக்கையும் பார்ப்பார்கள். அவர் முதலில் தரையைப் பார்ப்பார், பிறகு சுடுபவரின் தோளை, கடைசியில்தான் இலக்கை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டி ரவைக்கும் ஒரு காந்தத்தைக் காட்டுவார். மேலே செம்பு பூசி உள்ளே இரும்பு வைத்த குண்டு என்றால் காந்தத்தில் ஒட்டும். அது இலக்குக்குப் பின்னால் உள்ள உருக்குத் தகட்டில் பட்டால் பொறி பறக்கும். ஒட்டினால், "இது இங்கே வேண்டாம்," என்று பெட்டியை மூடித் திருப்பித் தருவார். அந்த மூன்று சொல்லுக்கு மேல் ஒரு சொல் இல்லை. சுடுவதை நிறுத்தச் சொல்லும்போதும் கத்தமாட்டார். "ஃபெர்மி" என்பார். நிற்கவும் என்று அர்த்தம். அந்தக் குரலுக்குக் காதடைப்புப் போட்டவர்களும் எப்படி நின்றார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

பக்கச் சுவர்களில் சத்தத்தை உறிஞ்சுவதற்குக் கறுப்பு நுரைத் தகடுகள் ஒட்டியிருந்தன. பழையவை, துளை விழுந்தவை. துளைகளுக்குள் மருந்துத் தூசி போய் உட்கார்ந்தால் துடைத்தெடுக்க முடியாது. மாற்ற வேண்டும் என்று ரோசாலியா கூடத்தின் தலைவரிடம் பலமுறை சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தலைவர் சிரிப்பார்.

அந்தச் சம்பவம் ஒரு மழைக்காலச் சனிக்கிழமை காலையில் நடந்தது.

ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலாளிகள் வந்திருந்தார்கள். துப்பாக்கி அனுமதியைப் புதுப்பிக்க அவர்கள் அவ்வப்போது சுட்டுக் காட்ட வேண்டும். ரவையை நிறுவனமே கொடுத்து அனுப்பியிருந்தது. எழுத்துத் தெளிவில்லாத வெள்ளைப் பெட்டிகள். ரோசாலியா காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. திருப்பி அனுப்பக் காரணம் இல்லை, விட்டார்.

மூன்று பேர் நின்று சுடத் தொடங்கினார்கள். நான் கண்ணாடிக்கு இப்பால் நின்றேன். அதுவரை நான் பார்த்த நெருப்பெல்லாம் குழல் வாயில் ஒரு மின்னல்போல வந்து மறையும். இது அப்படியில்லை. ஒவ்வொரு வெடிக்கும் பெரிய செம்மஞ்சள் உருண்டை ஒன்று விரிந்தது. அதிலிருந்து பொறிகள் மத்தாப்புப்போலச் சிதறித் தரையில் குதித்து ஓடின.

"ஃபெர்மி."

எல்லாத் துப்பாக்கிகளும் வெறுமையாக்கப்பட்டு மேசைமேல் வைக்கப்பட்டன. ரோசாலியா கோட்டைத் தாண்டிப் போய் முழங்காலில் இருந்தார். விரலை ஈரத்துணியில் நனைத்துத் தரையில் ஒற்றி வெளிச்சத்தில் பிடித்தார். விரல்நுனி சாம்பல் நிறமாக இருந்தது.

"இந்த ரவையை இங்கே சுட முடியாது. எங்களுடையதைத் தருகிறேன்," என்றார்.

காவலாளிகளின் பயிற்சியாளர் அசையவில்லை. "எங்கள் நிறுவனம் இதைத்தான் தந்தது. இன்றைக்கு முடிக்காவிட்டால் இவர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது. உங்கள் தலைவரைக் கூப்பிடுங்கள்."

தலைவர் மேலேயிருந்து இறங்கி வந்தார். அந்த நிறுவனம் கூடத்துக்கு நிரந்தர வாடிக்கையாளர். "கொஞ்சம் பொறி பறந்தால் என்ன, ரோசாலியா? துப்பாக்கி என்றால் நெருப்பு வராதா? முடித்து அனுப்பிவிடுங்கள்," என்றார்.

ரோசாலியா எழும்பி வந்து கோட்டுக்கு இப்பால் நின்றார். "அப்படியென்றால் என்னுடைய முறையில்," என்றார். ஒரு நேரத்தில் ஒரே ஆள். சுவர்களிலிருந்து தள்ளி, நடுத் தடத்தில் மட்டும். தொடங்குவதற்கு முன் தரை முழுவதும் நனைய வேண்டும். ஒவ்வொருவருக்கும் பிறகு மறுபடி நனைக்க வேண்டும். காற்றாடி முழு வேகத்தில் ஓட வேண்டும். அது எங்கள் முதுகுப் பக்கமிருந்து இலக்குப் பக்கமாகக் காற்றைத் தள்ளும், புகையும் அந்தப் பக்கமே போகும். "தீப்பிடித்தாலும் கடைசி ஆள் வெளியேறும்வரை யாரும் காற்றாடியை நிறுத்தக் கூடாது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ராணி, நனைத்துவிட்டுக் கதவடியில் நில்லுங்கள். தண்ணீர்க் குழாய் கையில் இருக்கட்டும்."

நனைத்தேன். நடுத் தடம், ஓரத் தடங்கள், மேசைகளுக்குக் கீழே, ஓர் இடமும் விடாமல். முதல் இரண்டு பேரும் சுட்டு முடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் பொறி ஈரத்தில் விழுந்து சீறி அணைந்தது. என் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

மூன்றாவது ஆள் பெப்பே. பெரிய உடம்பு. அந்த உடம்புக்குப் பொருந்தாத பயந்த கண்கள். முந்தைய தடவை அவன் தேறவில்லை என்று மற்றவர்கள் கேலி செய்தது எனக்குக் கேட்டிருந்தது. துப்பாக்கியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்திருந்தான். முதல் வெடியிலேயே குழல் இடப்பக்கம் இழுத்தது. பொறிக்கொத்து தரைக்குப் போகாமல் சுவருக்குப் போனது. கறுப்பு நுரையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

"ஃபெர்மி," என்றார் ரோசாலியா.

அவன் பதற்றத்தில் இன்னொன்றும் சுட்டுவிட்டான். அந்தப் புள்ளியிலிருந்து நெருப்பு சுவர் நீளத்துக்கு ஓடியது. கண்ணுக்கு முன்னால் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குத் தாவித் தாவி ஓடியது. நான் குழாயைத் திறந்தேன். காற்றாடி புகையை இலக்குப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வெளியேறப் போதிய நேரம் இருந்தது. உண்மையிலேயே இருந்தது.

"பெப்பே, துப்பாக்கியை மேசையில் வையுங்கள். என்னோடு பின்னுக்கு நடங்கள்," என்றார் ரோசாலியா, தேநீர் குடிக்கக் கூப்பிடுகிற குரலில்.

பெப்பே வைக்கவில்லை. கதவைத் தேடித் துப்பாக்கியோடு திரும்பினான். விரல் விசையில் இருந்தது. கதவடியில் நான் நின்றேன். அந்தக் கரிய துளை என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. ஊரில் எவ்வளவோ சத்தம் கேட்டிருக்கிறேன், ஒரு துப்பாக்கியின் வாய்க்குள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் குழாய் இருந்தது, அதைப் பிடித்தபடியே நின்றேன்.

அந்த நொடியில் கண்ணாடி அறைக்குள் நின்ற பயிற்சியாளர் பயத்தில் பிரதான மின்விசையை அடித்து இறக்கினார்.

விளக்கும் போனது, காற்றாடியும் நின்றது. போய்க்கொண்டிருந்த புகை எங்கள் மேல் திரும்பியது. நுரை எரியும் புகை தார்போலத் தடித்தது, நெருப்பையே மறைத்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பின்னால் கதவு இருந்தது, ஓர் அடி வைத்தால் வெளியே. பெப்பே எங்கே நிற்கிறான், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் நிற்பதைப்போல ஒரு நிலை எதிரிக்கும் வரக்கூடாது. நான் ஏன் ஓடவில்லை என்று சுபா கேட்டாள். ரோசாலியாவின் குரல் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது, வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"பெப்பே, நான் உங்கள் வலப்பக்கம் நிற்கிறேன்." இருமல். "உங்கள் கையைத் தொடப்போகிறேன். பயப்படாதீர்கள். நான்தான்."

வெடித்தது.

குழல் வாயில் அந்தப் பெரிய செம்மஞ்சள் உருண்டை மறுபடியும் விரிந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்தேன். ரோசாலியா தன் வலக்கையால் குழலையே பொத்திப் பிடித்துத் தரையை நோக்கி அமுக்கியிருந்தார். பெப்பே முழங்காலில் இருந்தான். இருவரும் நான் நினைத்த இடத்தில் இல்லை. இடப்பக்கம், எரியும் சுவரோடு ஒட்டி இருந்தார்கள். நான் அதுவரை வெறும் இருட்டுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குழாயை அந்தப் பக்கம் திருப்பினேன். அதை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு ஈரத்தரையில் வயிறு தேய ஊர்ந்தேன். கைக்கு ஒரு சப்பாத்து அகப்பட்டது. இழுத்தேன், அசையவில்லை. அவ்வளவு பெரிய மனிதன்.

"வா! எழும்பு! வாவென்!" என்று தமிழில் கத்தினேன். இத்தாலிய மொழி முழுவதும் மறந்துபோயிருந்தது.

பின்னாலிருந்து ரோசாலியா தள்ள, முன்னாலிருந்து நான் இழுக்க, அவன் தவழத் தொடங்கினான். கதவுக்கு மேலே, மின்சாரம் போனாலும் பற்றரியில் எரியும் சிறிய பச்சை விளக்கைப் பார்த்துப் போனோம். படியேறி முற்றத்துக்கு வந்தோம், மழை பெய்துகொண்டிருந்தது. ரோசாலியா கதவை இழுத்து மூடிவிட்டு, எல்லாரும் வந்துவிட்டார்களா என்று தலைகளை எண்ணினார். அதற்குப் பிறகுதான் தன் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தீயணைப்பு வண்டிகளின் சத்தம் கேட்கும்வரை அவருடைய மற்றக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடியவில்லை. சில நாட்களில் தலைவர் என்னைப் பொலிதேயாமாவில் உள்ள தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கோப்பி தந்தார். அதுவரை அவர் எனக்குக் கோப்பி தந்ததில்லை.

"ராணி, அன்றைக்கு நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள். தரை சரியாக நனையாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் நடக்கிறதுதான். பொலிசிடம் அப்படிச் சொன்னால் ஒரு துப்புரவுப் பெண்ணை யாரும் தண்டிக்கப் போவதில்லை. உங்களுக்கு வேறு இடத்தில் வேலை தருகிறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்கள் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம் வருகிறது, இல்லையா?"

வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ இல்லை, அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்க முடியாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்தேன். வீட்டில் என் கணவர் சிவம் சாப்பிடாமல் காத்திருந்தார். சொன்னேன்.

"நீர் நனைச்சனீரோ இல்லையோ?" என்று கேட்டார்.

"நனைச்சனான். மூலை முடுக்கெல்லாம் நனைச்சனான்."

"பிறகென்ன?"

"பெர்மெஸ்ஸோ போச்செண்டால் பிள்ளையளை என்ன செய்யிறது? பள்ளிக்கூடம் நடுவிலை கிடக்கு."

அவர் மூடி வைத்த சோற்றைத் திறந்து எனக்கு முதலில் போட்டார். "பொய் சொல்லி இஞ்சை இருந்தமெண்டால், பிறகு அந்த மனிசன் எப்ப கூப்பிட்டாலும் போகவேணும். அதுக்கு ஒரு முடிவில்லை. நாளைக்குப் பொலிஸ் குவெஸ்தூராவுக்கு வாக்குமூலம் குடுக்க நானும் உம்மோடை வாறன்," என்றார்.

போகும் வழியில் ஆஸ்பத்திரியில் ரோசாலியாவைப் பார்த்தோம். வலக்கை முழங்கைவரை கட்டு. தலைவர் சொன்னதை நான் சொல்லத் தொடங்கியதும் நிறுத்தினார். "எனக்காக ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், போதும்."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். தரையை நனைத்தது, பொறி சுவரில் விழுந்தது, நுரையை மாற்றச் சொல்லி ரோசாலியா கேட்டது, மின்விசை இறங்கியது, எல்லாம். பெப்பே துப்பாக்கியை என் பக்கம் திருப்பினானா என்று கேட்டபோது, ஓம், ஆனால் அவன் என்னைத் தேடவில்லை, கதவைத்தான் தேடினான் என்றேன். எழுதிய அதிகாரி அதை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு அப்படியே எழுதினார். கையெழுத்து வைத்தேன்.

கூடம் மூடப்பட்டது. தலைவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டி வந்தது. எனக்கு வேலை போனது. போர்த்தாப் பக்கத்தில் ஒரு மாடிக்குடியிருப்பின் படிக்கட்டுக் கழுவும் வேலை கிடைத்தது, அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் பெர்மெஸ்ஸோ புதுப்பித்தோம். அது கைக்கு வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. பிறகு கூடத்தைப் புதிய ஆட்கள் எடுத்தார்கள். சுவரில் எரியாத தகடு போட்டார்கள், காற்றாடிக்குத் தனி மின்னிணைப்புக் கொடுத்தார்கள். ரோசாலியாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்காது. இடக்கையால் சுடப் பழகிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். ஓய்வு பெறும்வரை அவரோடுதான் வேலை செய்தேன்.

பெப்பே காவல் வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். சில வருடங்களுக்குப் பிறகு போர்கோ வெக்கியோச் சந்தையில் ஒரு மீன் கடையில் அவனைக் கண்டேன். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? முகமூடிக்கும் தலைத்துணிக்கும் நடுவில் இரண்டு கண்ணை மட்டும்தான் அவன் கண்டிருப்பான். நானும் சொல்லவில்லை. சூடை மீன் வாங்குவேன், சுத்தம் செய்து தருவான், போவேன். நல்ல மீன்தான் தருவான்.

ஒரு பண்டிகை நாள் மத்தியானம் அவன் கடையில் நின்றபோது, பக்கத்துத் தெருவில் சரமாரியாக வெடி கொளுத்தினார்கள். சந்தையில் எல்லாரும் கைதட்டினார்கள். நான் மீன் பெட்டிகளோடு ஒட்டிக் குந்திவிட்டேன். கண்ணைத் திறந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் அவனும் குந்தியிருந்தான், கையில் மீன் வெட்டும் கத்தியோடு. வெடி ஓயும்வரை மேசைக்குக் கீழால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழும்பியதும் அவன் கூச்சத்தோடு சிரித்தான். "உங்களுக்கும் இப்படித்தானா, சிஞ்ஞோரா? நான் முன்பு காவலாளி. ஒரு தீவிபத்தில் ஒரு பெண்ணை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பிவிட்டேன். அவள்தான் பிறகு என்னை இழுத்து வெளியே போட்டாளாம். எனக்கு அவளுடைய முகம்கூடத் தெரியாது. இந்தச் சத்தம் கேட்டால் அது ஞாபகம் வரும்."

மீன் பையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"நான்தான், பெப்பே," என்றேன்.

அவன் என் கண்களையே பார்த்தான். கத்தியை வைத்தான், கையைத் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, என் கையிலிருந்த பைகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். கடையில் ஆட்கள் காத்து நின்றார்கள். பெப்பே, பெப்பே என்று கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பைகளை இறக்காமலே நின்றான். பஸ் வருவது தெரிந்த பிறகுதான் பேசினான்.

"உங்கள் பெயர் என்ன?"

"அங்கே ராணி என்பார்கள். முழுப் பெயர் செல்வராணி."

"செல்-வா-ரானி," என்றான். பிழையாக வந்தது அவனுக்கே தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு, பஸ் வந்து நின்று கதவு திறக்கும்வரை, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.